தோல் எழுப்புவது இரைச்சல் என்றால் மிருதங்கத்துக்கு ஏன் சுருதி?

வாசகர் கேள்வி: 3 நவம்பர், மாலை 6.15

கச்சேரி தொடங்கும் முன் மிருதங்க வித்துவான் கல்லையும் கட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் விளிம்பைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். இது தேவைதானா? கல்லூரிப் பாடநூலில் வட்டத் தோலின் அதிர்வுகளைப் பற்றிய கணக்கு இருக்கிறது. அடிச்சுரத்தின் அதிர்வெண்ணை 1 என்று வைத்தால் மேற்சுரங்கள் 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்று வருகின்றன. தந்தியிலும் குழலிலும் வருவதுபோல 2, 3, 4 என்ற முழு எண் ஒன்றுகூட இல்லை. இப்படி ஒன்றோடொன்று உறவில்லாத அதிர்வுகளின் கூட்டத்துக்குப் பெயர் இரைச்சல். ஆகவே தோற்கருவிக்குச் சுருதி சேர்ப்பது வெறும் வழக்கம், காதின் பிரமை என்பது என் வாதம். மறுப்பவர்கள் கணக்கோடு வரட்டும்.

3 நவம்பர், இரவு 10.05

உங்கள் எண்கள் சரியானவை. ஆனால் அவை எந்தத் தோலுக்கு உரியவை என்று பாருங்கள். எங்கும் ஒரே கனமும் ஒரே இழுவிசையும் கொண்ட தோலுக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், அப்படிப்பட்டது அன்று. அதன் நடுவில் கருப்பாக ஒரு வட்டம் இருக்கிறது. அதைச் சோறு என்றும் கரணை என்றும் சொல்கிறோம். நீங்கள் கேட்ட கேள்விக்கான விடை முழுவதும் அந்தக் கருப்பு வட்டத்துக்குள் இருக்கிறது.

இதை அளந்து உலகுக்குச் சொன்னவர் திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. இராமன். 1920ஆம் ஆண்டு, ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு பெறுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார். மிருதங்கம், தபலா ஆகியவற்றின் வலப்பக்கத் தோலில் எழும் மேற்சுரங்கள் 1, 2, 3, 4, 5 என்று முழு எண் வரிசையில் அமைகின்றன என்பதே அதன் செய்தி. அதாவது தந்தியைப் போலப் பாடும் தோல் ஒன்று இந்த நாட்டில் நெடுங்காலமாகவே இருந்துவந்திருக்கிறது. பாடநூல் கணக்கை மட்டும் கற்றவர் எவருக்கும் இது நம்ப முடியாத செய்தி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. சிறுவயதில் எட்டு ஆண்டுகள் மிருதங்கம் கற்றேன், பிறகு இயற்பியல் ஆசிரியனானேன். இந்த இரண்டையும் இணைத்துப் பார்க்க எனக்கு நாற்பது வயது ஆயிற்று.

4 நவம்பர், காலை 7.20

"நடுவில் கனம் சேர்த்தால் எல்லா அதிர்வெண்களும் ஒரே அளவில் இறங்க வேண்டாமா, விகிதம் எப்படி மாறும்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. தோல் பல விதங்களில் அதிர்கிறது. அடிச்சுரத்தில் தோல் முழுவதும் ஒன்றாக மேலெழுந்து கீழிறங்குகிறது. மிக அதிகமாக அசைவது நடுப்பகுதி. அடுத்த அதிர்வில் ஒரு பாதி மேலெழும்போது மறு பாதி கீழிறங்குகிறது. இரண்டையும் பிரிக்கும் விட்டக்கோடு அசைவதில்லை. அசையாத அந்தக் கோடு தோலின் நடுப்புள்ளி வழியாகவே செல்வதால், நடுவில் சேர்த்த கனத்தை இந்த அதிர்வு குறைவாகவே சுமக்கிறது. இரண்டு விட்டக்கோடுகள் கொண்ட அதிர்வு அதனினும் குறைவாகச் சுமக்கிறது. ஆகவே சோறு அடிச்சுரத்தை நன்றாக இறக்குகிறது, மேற்சுரங்களைச் சற்றே இறக்குகிறது. 1.59 ஆக நெருங்கியிருந்த இடைவெளி அகன்று 2 ஆகிறது. 2.14 ஆக இருந்தது 3 ஆகிறது.

இன்னொன்றும் நிகழ்கிறது. வெறுந்தோலில் தனித்தனியே நின்ற ஒன்பது அதிர்வுகள் ஐந்து சுரங்களாகக் கூடுகின்றன. முதல் சுரத்துக்கு ஒன்று, இரண்டாவதற்கு ஒன்று, மூன்றாவதற்கு இரண்டு, நான்காவதற்கு இரண்டு, ஐந்தாவதற்கு மூன்று. வெவ்வேறு வடிவில் அசையும் அதிர்வுகள் ஒரே அதிர்வெண்ணில் வந்து சேர்கின்றன. எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

4 நவம்பர், இரவு 11.30

காலையில் எழுதியதில் ஒன்று விடுபட்டுவிட்டது. ஐந்தாம் சுரத்துக்கு மேலே எழும் அதிர்வுகள் ஒழுங்குக்கு வருவதில்லை. அவை கேட்டால் மீண்டும் இரைச்சல்தான். நடுவில் உள்ள ஆட்டுத்தோலின் மேல், விளிம்பைச் சுற்றி வளையமாக மாட்டுத்தோல் போர்த்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வளையம் உயர்ந்த அதிர்வுகளை அமுக்கிவிடுகிறது. வேண்டியதைச் சோறு சேர்க்கிறது, வேண்டாததை வளையம் விலக்குகிறது.

5 நவம்பர், காலை 6.50

ஒரு திருத்தம். நேற்று ஒருவருக்குத் தனியே பதில் எழுதும்போது, மேலை நாட்டுத் தோற்கருவி எதற்கும் சுரம் கிடையாது என்று எழுதிவிட்டேன். அது தவறு. டிம்பனி என்னும் செப்புக் கொப்பரை முரசுக்குத் தெளிவான சுரம் உண்டு, இசைக்குழுக்களில் அதைச் சுரம் சேர்த்தே வாசிக்கிறார்கள். அதன் முக்கியமான மேற்சுரங்கள் ஏறக்குறைய 2:3:4 என்ற உறவில் இருப்பதை ஆங்கிலேய இயற்பியலாளர் இராலே பிரபு 19ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்திருக்கிறார். அங்கே சோற்றின் வேலையைச் செய்வது காற்று. அகன்ற தோல் அசையும்போது காற்றையும் தூக்கிச் சுமக்க வேண்டியிருப்பதால் தாழ்ந்த அதிர்வுகள் கூடுதலாக இறங்குகின்றன. ஆனால் டிம்பனியில் அடிச்சுரம் அந்த வரிசையில் சேர்வதில்லை. அது சீக்கிரமே ஓய்ந்துவிடும். மிருதங்கத்தில் அடிச்சுரமும் வரிசைக்குள் நிற்கிறது. வேறுபாடு இதுதான், நான் முதலில் எழுதியதைப் போல "அங்கே இல்லை, இங்கே உண்டு" என்பதன்று.

7 நவம்பர், இரவு 9.40

சோறு எப்படி வைக்கப்படுகிறது என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். நான் கண்டதை எழுதுகிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது மூட்டு, அதாவது தோல் முகப்பு, மாற்றுவதற்காக என் மிருதங்கத்தை எடுத்துக்கொண்டு அப்பாவுடன் ஒரு மிருதங்கக் கடைக்குப் போயிருந்தேன். கடை என்றால் தெருவைப் பார்த்த ஒரு திண்ணையும், உள்ளே பலாமரக் கட்டைகள் அடுக்கிய ஒரு சிறு அறையும்தான். தோலின் வாடை தெருமுனையிலேயே வரும். பெரியவர் ஒருவர் தரையில் அமர்ந்து, குழைந்த சோற்றையும் கருங்கல் பொடியையும் சேர்த்து உள்ளங்கையில் பிசைந்துகொண்டிருந்தார். அந்தக் கல்லில் இரும்புச் சத்து மிகுதி. பொடியைத் தொட்டால் விரல் கருத்துவிடும். பிசைந்ததில் ஒரு சிறு உருண்டை எடுத்துத் தோலின் நடுவில் வைத்து, பெருவிரலால் வட்டமாகப் பரப்பினார். பிறகு வழவழப்பான ஒரு கல்லை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். தேய்த்துத் தேய்த்து அந்தப் படலம் காய்ந்ததும் அடுத்த உருண்டை, மறுபடியும் தேய்ப்பு. மேலே போகப் போக வட்டம் சிறிதாகும், ஆகவே நடுவில் கனம் மிகுந்தும் ஓரத்தில் குறைந்தும் இருக்கும். ஒவ்வொரு படலத்துக்குப் பிறகும் ஒரு விரலால் தட்டிக் கேட்பார். நான் காத்திருந்த பொழுதெல்லாம் அந்தத் தேய்க்கும் ஓசைதான்.

எதற்காக இவ்வளவு தேய்க்கிறீர்கள், பசை ஒட்டிக்கொள்ளவா என்று கேட்டேன். "ஒட்டுறதுக்கு இல்ல தம்பி, வெடிக்கிறதுக்கு. வெடிச்சாத்தான் பேசும்" என்றார். அன்று எனக்கு அது விளங்கவில்லை.

விளங்கியது மிகப் பிற்காலத்தில். காய்ந்த பசை ஒரே பாளமாக இருந்தால் அது தோலுக்குக் கனத்தோடு விறைப்பையும் சேர்த்துவிடும்; தோல் தகட்டைப் போல நடந்துகொள்ளும், விகிதங்கள் கெட்டுவிடும். தேய்ப்பினால் அந்தப் படலம் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிய வெடிப்புகளாகப் பிளந்து, தனித்தனிச் சில்லுகளாகத் தோலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இப்போது கனம் உண்டு, விறைப்பு இல்லை; தோல் முன்போலவே வளையலாம். சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு நல்ல சோற்றைப் பாருங்கள், வறண்ட ஏரிப் படுகையைப் போன்ற வலைப்பின்னல் தெரியும். அதைப் பழுது என்று எண்ணிப் பசை பூசி மூடியவர்களை நான் அறிவேன். அந்தக் கருவி அன்றே ஊமையாகிவிட்டது.

8 நவம்பர், காலை 8.15

"அப்படியானால் கண்டுபிடித்தவர் இராமனா, அந்தப் பெரியவரா?" என்ற கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. முதல் குறிப்பில் நான் 'அளந்து சொன்னவர்' என்ற சொல்லை யோசித்தே எழுதினேன். ஒன்றன்மேல் ஒன்றாகப் படலம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு தட்டிக் கேட்டு, தோலைச் சுரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும் செயல்முறை கையாலும் காதாலும் கண்டுபிடிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அதைச் செய்துவந்தவர்கள் தோல் வேலை செய்பவர்கள் என்பதற்காகவே ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். தங்கள் கருவியைக் கும்பிட்டுத் தொடும் கூட்டம் அதைச் செய்தவரைத் திண்ணையில் ஏற்றவில்லை. இது எனக்கு வேதனை தரும் செய்தி; இங்கே அதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

இராமனின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு தோற்கருவியில் இவ்வளவு நுட்பமான ஒலியியல் அறிவு பொதிந்திருக்கக்கூடும் என்று நம்பி, அதை ஆய்வுக்கூட மேசைக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் அப்படி நம்பியவர்கள் மிகச் சிலர்.

9 நவம்பர், பிற்பகல் 3.30

ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் மணல் சோதனையைச் செய்து பார்த்தேன். இராமனும் மெல்லிய மணலைத் தோலின் மேல் தூவித்தான் அதிர்வு வடிவங்களைக் கண்டார். ஜெர்மனியின் கிளாட்னி 1787ஆம் ஆண்டு உலோகத் தகடுகளில் காட்டிய முறை அது: அசையும் இடத்திலிருந்து மணல் துள்ளி ஓடி, அசையாத கோடுகளில் போய்த் தங்கும்.

மிருதங்கத்தைத் தொப்பி என்னும் இடப்பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி, வலந்தலையின் மேல் சலித்த வெள்ளை மணலைத் தூவினேன். மேலே ஒரு ஒலிபெருக்கியைப் பிடித்து அதில் ஒரே சுரத்தை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போனேன். அடிச்சுரத்தில் மணல் நடுவை விட்டு ஓரத்துக்கு ஓடியது. அதன் மேல் சட்ஜத்தை, அதாவது இரு மடங்கு அதிர்வெண்ணை, நெருங்கும்போது மணல் சற்று நேரம் தத்தளித்து, பிறகு கருப்பு வட்டத்தைக் குறுக்கே வெட்டும் ஒற்றைக் கோடாகப் படுத்துக்கொண்டது. என் மகள் அதைப் பார்த்துக் கூவியதில் பக்கத்து வீட்டினர் எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்து, மோதிர விரலைச் சோற்றின் ஓரத்தில் மெல்ல வைத்தேன். மணல் கோடு நகர்ந்து என் விரலுக்கு அடியில் வந்து நின்றது. வட்டத்தில் எல்லாத் திசையும் ஒன்றே என்பதால் அந்த விட்டக்கோடு எந்தப் பக்கமும் திரும்பிப் படுக்கலாம்; விரல் எங்கே அசைவைத் தடுக்கிறதோ அங்கே அது வந்து சேர்கிறது. மிருதங்கம் வாசிப்பவர்களுக்கு இப்போது புரிந்திருக்கும். 'நம்' என்ற சொல்லை நாம் வாசிப்பது இப்படித்தான். மோதிர விரல் சோற்றோரத்தில் படிந்திருக்க, ஆள்காட்டி விரல் விளிம்பில் விழுகிறது. படிந்த விரல் அடிச்சுரத்தை அடக்குகிறது. விரலின் வழியாகக் கணுக்கோடு (அசையாத கோடு) செல்லும் அதிர்வுகள் மட்டும் பிழைத்து ஒலிக்கின்றன. எட்டு ஆண்டுகள் என் ஆசிரியர் "விரலை அழுத்தாதே, வை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஏன் என்று இன்று மணலில் கண்டேன்.

9 நவம்பர், இரவு 10.10

ஆண்டுகளைப் பற்றி ஒரு தெளிவு. 1920ஆம் ஆண்டின் குறிப்பு கல்கத்தாவில் செய்த வேலை. ஒன்பது அதிர்வுகளையும் ஐந்து சுரங்களையும் மணல் படங்களோடு விரிவாக விளக்கிய கட்டுரை 1934ஆம் ஆண்டு, அவர் பெங்களூருக்கு வந்த பிறகு எழுதியது. நான் இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதியிருந்தேன். 1954ஆம் ஆண்டு இராமகிருஷ்ணாவும் சோந்தியும், தோலை நடுவில் கனமும் ஓரத்தில் மென்மையும் கொண்ட இரட்டைப் பரப்பாகக் கொண்டு கணக்கிட்டு, சோற்றின் ஆரம் தோலின் ஆரத்தில் ஏறக்குறைய 0.4 பங்காக இருக்கும்போது சுரங்கள் ஒழுங்குக்கு வருவதைக் காட்டினார்கள். கணக்குக் கேட்ட வாசகருக்கு இது பயன்படும்.

11 நவம்பர், மாலை 5.45

கேள்வி கேட்ட வாசகர் திரும்பி வந்து, "'நம்' அடியில் அடிச்சுரமே இல்லை என்கிறீர்கள், இல்லாத சுரத்தை எப்படிச் சுருதி சேர்ப்பது?" என்று சரியான இடத்தில் பிடித்திருக்கிறார்.

தொலைபேசியை நினைத்துப் பாருங்கள். பழைய தொலைபேசிக் கம்பி 300 ஹெர்ட்ஸ் முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். ஆண்குரலின் அடிச்சுரம் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸைச் சுற்றியே இருக்கும். அதாவது அப்பாவின் குரலில் அடிச்சுரம் கம்பியில் வருவதே இல்லை. ஆனாலும் அப்பாவின் கனத்த குரல் கனத்த குரலாகவே கேட்கிறது. மேற்சுரங்கள் முழு எண் ஒழுங்கில் வந்தால், அவற்றுக்குப் பொதுவான அடிச்சுரத்தை நம் செவியும் மூளையும் தாமே வருவித்துக்கொள்கின்றன. சீபெக் என்பவர் 1841ஆம் ஆண்டிலேயே துளையிட்ட சக்கரச் சங்கு ஒன்றைக் கொண்டு இதைக் கவனித்தார்; ஓம் விதியைத் தந்த அதே ஓம் அதை ஏற்க மறுத்து வாதிட்டார்.

நீங்கள் முதலில் எழுதிய 'காதின் பிரமை' என்ற சொல்லுக்கு இங்கே ஓர் இடம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேற்சுரங்கள் ஒழுங்கில் இருந்தால்தான் காது அந்த வேலையைச் செய்யும். 1.59, 2.14, 2.30 என்ற கூட்டத்தைக் கொடுத்துப் பாருங்கள், அது எந்த அடிச்சுரத்தையும் வருவிக்காது.

12 நவம்பர், காலை 7.00

தம்புராவின் மேற்சுரங்களைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியைக் கணுவாகக் கொண்ட மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது தாமஸ் யங் சொன்ன விதி. தம்புராவும் வீணையும் அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை என்பதை இராமன் 1920களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். எழக்கூடாத மேற்சுரங்கள் ஓங்கி எழுகின்றன. காரணம், தந்தியைத் தாங்கும் குதிரையின் வளைந்த மேற்பரப்பு. தந்தி ஒவ்வோர் அதிர்விலும் அதைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் இடையே வைக்கும் ஜீவா நூலை ஒரு மயிரிழை நகர்த்தினால் ஒலி மலர்வதும் கூம்புவதும் அதனால்தான். இதைத் தனியே எழுத வேண்டும். தோலை விட்டு விலகிப் போகிறேன்.

15 நவம்பர், இரவு 8.20

"முரசின் ஒலியைக் கேட்டே அதன் வடிவத்தைச் சொல்ல முடியுமா?" என்ற கேள்வியை 1966ஆம் ஆண்டு கணிதவியலாளர் மார்க் காட்ஸ் எழுப்பினார். எல்லா அதிர்வெண்களும் தெரிந்தால் தோலின் பரப்பளவைச் சொல்லலாம், விளிம்பின் நீளத்தையும் சொல்லலாம், அது வட்டமா இல்லையா என்பதையும் சொல்லலாம். ஆனால் வடிவத்தை எப்போதும் சொல்லிவிட முடியாது. வெவ்வேறு வடிவம் கொண்டிருந்தும் ஒரே அதிர்வெண் வரிசையைத் தரும் இரண்டு பலகோணத் தோல்களை 1992ஆம் ஆண்டு கார்டன், வெப், வோல்பர்ட் ஆகியோர் காட்டினார்கள். இவையெல்லாம் சீரான தோலுக்கு உரியவை. இதை எழுதும்போதுதான், மிருதங்கம் செய்பவர் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டு விடை காண்கிறார் என்று தோன்றியது. வேண்டிய ஒலி அவருக்கு முன்பே தெரியும். அதைத் தரும் கன அமைப்பைத்தான் தேடுகிறார்.

22 நவம்பர், இரவு 9.00

மழைக்காலத்தில் என் மிருதங்கத்தின் சோறு ஓரத்தில் பெயர்ந்துவிட்டது. கொடுப்பதற்கு முன் கைபேசிச் செயலியில் அதன் ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்த்தேன்; ஒவ்வொரு சுரமும் வரைபடத்தில் ஒரு முகடாகத் தெரியும். இரண்டாவது முகடு முதல் முகட்டின் இரு மடங்குக்குக் கீழேயே நின்றது. கனம் போனதால் அடிச்சுரம் ஏறிவிட்டது. காதுக்கும் அது கட்டையாக, ஏதோ ஒட்டாததாகவே கேட்டது.

இன்று மாலை வாங்கப் போனேன். புதுச் சோறு வைத்தவர் நான் சிறுவயதில் கண்ட பெரியவர் அல்லர், வேறு ஊர், வேறு கடை, ஆனால் அதே தேய்ப்பு. அவர் அனுமதியோடு கைபேசியைப் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்த்தேன். முகடுகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று தத்தம் இடத்தில் நின்றன. ஆனால் இரண்டாவது முகடு மட்டும் உச்சியில் பிளந்து, மிக நெருங்கிய இரண்டாகத் தெரிந்தது. கருவியின் கோளாறு என்று எண்ணினேன்.

"என்ன தம்பி சொல்லுது உங்க போனு?" என்றார். சொன்னேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. மிருதங்கத்தை மடியில் திருப்பித் திருப்பி, விளிம்பைச் சுற்றி வார் செல்லும் ஒவ்வொரு கண்ணிலும் 'நம்' தட்டிக்கொண்டே வந்தார். பதினாறு கண்களில் ஒன்றில் நின்று, "இது இறங்கியிருக்கு" என்று சொல்லி, கட்டையை வைத்துக் கல்லால் இரண்டு தட்டு தட்டினார். எனக்கு எந்த வேறுபாடும் கேட்கவில்லை. மறுபடியும் செயலியில் பார்த்தேன், பிளந்திருந்த முகடு ஒன்றாகியிருந்தது.

9ஆம் தேதி நான் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். விளிம்பின் இழுவிசை எங்கும் ஒன்றாக இருந்தால்தான் விட்டக்கோடு எந்தத் திசையில் படுத்தாலும் ஒரே அதிர்வெண் வரும். ஒரு கண் தளர்ந்தாலும் கோடு கிடக்கும் திசைக்கு ஏற்ப இரண்டு அதிர்வெண்கள் உண்டாகி, ஒன்றோடொன்று மோதி ஒலி நடுங்கும். கச்சேரி தொடங்கும் முன் அந்த ஐந்து நிமிடத்தில் வித்துவான் கல்லாலும் கட்டையாலும் செய்வது இந்தப் பதினாறு கண்களையும் ஒன்றாக்கும் வேலை. முதல் கேள்வி கேட்ட வாசகர் சென்னையில் இருந்தால் ஒரு நாள் வீட்டுக்கு வரட்டும்; மணலும் கல்லும் எடுத்து வைக்கிறேன், ஒரு கண்ணைத் தளர்த்தி அவரே கேட்டுப் பார்க்கலாம்.